சீனித்தாயின் ஒரே படம்

எங்கள் செவல்குளத்தில் ஒருவருக்குப் பிடித்த படத்தை, அது ஏன் பிடித்தது என்ற காரணத்தோடு சேர்த்து இன்னொருவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதும், அப்படி வாங்கிய பிறகு சொன்னவரிடம் அந்தப் படமும் இருக்காது, அதைப் பார்த்த நாளும் இருக்காது என்பதும் ஒரு திங்கட்கிழமை காலை தீப்பெட்டி ஆபீஸில், பத்தரை மணி டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தெரியவந்தது. தெரியவந்த பிறகும் நாங்கள் டீயைக் குடித்துவிட்டு, மிச்சமிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்று பெயர். நாற்காலி கிடையாது, மேஜை கிடையாது, சிமிண்டுத் தரையில் காலை நீட்டிக்கொண்டு நாற்பது பெண்கள் மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவோம், அந்தச் சட்டத்துக்குக் கட்டை என்று பேர், ஆனாலும் எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் ஆபீசுக்கு என்று மிடுக்காகத்தான் சொல்லுவோம். அங்கே வேலை கைக்குத்தான், காது சும்மா கிடக்கும், சும்மா கிடக்கிற காதுக்காக நாங்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒருத்தி மட்டும் சாத்தூருக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வருவாள், திங்கட்கிழமை மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் எழுத்துப் போடுவதிலிருந்து வணக்கம் போடுவது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லுவாள். குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்காட்சி சொல்ல முடியாது என்பதால் அன்றைக்கு அவளுடைய கட்டைகளை நாங்கள் ஆளுக்கு ஒன்றாக அடுக்கிக் கொடுத்துவிடுவோம்.

அந்தத் திங்கட்கிழமை சொன்னவள் இசக்கி. எங்களில் அவளைப்போலப் படம் சொல்ல ஆள் கிடையாது, வில்லன் சிரிப்பை அவள் சிரித்தால் மேஸ்திரியே வந்து எட்டிப் பார்ப்பார். கதை முடிந்ததும் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருத்தி மட்டும், எங்கள் வழக்கத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். கேட்டவள் நான்தான். என் பெயர் மாடத்தி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று ஊரில் எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு.

"எல்லாஞ் சரி இசக்கி, அந்தப் படத்துல உனக்கு என்னத்தப் பிடிச்சுது? எதுக்குப் பிடிச்சுது?"

இசக்கி கொஞ்சம் வெட்கப்பட்டாள். "கல்யாண மேடையில இருந்து எந்திரிச்சுப் போறால்லா அந்தப் புள்ள? மாலையக் கழத்துதது எல்லாப் படத்துலயும் வாரதுதான். ஆனா இவ வாசல்ல அத்தனை செருப்புக்கு நடுவுல குனிஞ்சு தன் செருப்பத் தேடுதா பாரு. நெதானமாத் தேடி, மாட்டிக்கிட்டுப் போறா. அதுக்குத்தான் பிடிச்சுது" என்றாள்.

சொல்லி முடித்தவள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எங்களையே கேட்டாள். நேற்று எங்கே போனாய் என்றால் தெரியவில்லை, சாத்தூருக்குப் போனாயே என்றால் போனேனா என்றாள். எனக்கோ, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தியேட்டரில் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில் நானே உட்கார்ந்திருந்தது போலப் படம் முழுவதும் வந்துவிட்டது, அந்தச் செருப்பைத் தேடுகிற இடத்தில் தொண்டையில் முறுக்கு அடைத்துக்கொண்டது வரைக்கும் வந்துவிட்டது. அது இசக்கியுடையது என்ற நினைப்பு மட்டும் ஒட்டி வரவில்லை, கூட இருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மேஸ்திரி வந்து பார்த்தார், விவரம் கேட்டார், சரி, சொல்ல ஒன்றும் இல்லையென்றால் உன் கட்டையை நீயே அடுக்கு என்று இசக்கியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், குழாயில் தண்ணீர் வருகிற நேரம் மாறினால் எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படித்தான். முதல் மாதம் எல்லோரும் ஆசைக்குக் கேட்டார்கள், ஆசைக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் கேட்பவர்கள் கூடி, சொல்பவர்கள் குறைந்தார்கள். மூன்றாவது மாதம் டீக்கடை வாசலில் இங்கே அரசியல் பேசலாம், சினிமா கேட்கக் கூடாது என்று பலகை வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வகுப்பிலிருந்த அத்தனை பிள்ளைகளையும் எழுந்து நின்று பிடித்த படத்தைச் சொல்லச் சொன்னார், அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் வாயில் விசில் நிற்கவில்லை, பிள்ளைகள் வீட்டில் சாப்பிட மறுத்தார்கள், பெற்றவர்கள் திரண்டு போய் அவரை வேறு ஊருக்கு மாற்ற வைத்தார்கள்.

மேலத் தெரு ரசிகர் மன்றமும் கீழத் தெரு ரசிகர் மன்றமும் ஒருவரை ஒருவர் காலி பண்ணிவிடுவது என்று இறங்கினார்கள். வழியில் மடக்கி, தோளில் கைபோட்டு, டீ வாங்கிக் கொடுத்து, உன் தலைவர் படத்தில் உனக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று இவன் அவனைக் கேட்டான், அவன் இவனைக் கேட்டான். ஒரே வாரத்தில் இவர்கள் படம் எல்லாம் அவர்களிடமும் அவர்கள் படம் எல்லாம் இவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் இன்னொரு விவரமும் தெரிந்தது. படம் போகும், காரணமும் போகும், பிரியம் கூடவே போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வாங்கியவனுக்குப் பிடிக்காமல் போனால் அந்தப் படம் அப்புறம் நகராது, ஏன் பிடிக்கும் என்று கேட்டால் சொல்வதற்குத் தனக்கென்று ஒரு காரணம் இருந்தால்தானே நகரும். அப்படியே கிடந்து ஒரு மழைக்காலத்துக்குள் இற்றுப்போகும். இரண்டு மன்றங்களிலும் அப்படித்தான் இற்றுப்போனது. மன்றப் பலகைகளைக் கழற்றிவிட்டு இரண்டு தெருவும் சேர்ந்து இப்போது கிரிக்கெட் ஆடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் கேட்டார். இருபது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு குறிப்பிட்ட படம் ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். அவள் மறைக்கத் தெரியாதவள், சொல்லிவிட்டாள். அன்றையிலிருந்து அவள் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் துலக்குகிறாள், பாவம், எதைப் பற்றியும் அவளுக்கு ஒரு நினைப்பும் இல்லை. அவரோ தன் இடது தோளில் வேறு ஒரு ஆணின் தோள் படம் முழுக்கப் பட்டுக்கொண்டிருந்த நினைப்போடு, அந்த ஆளின் தலையெண்ணெய் வாசனையோடு, யாரிடமும் சொல்லவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் திரிகிறார்.

இப்படியெல்லாம் ஆன பிறகுதான் ஊரில் ஒரு கட்டுப்பாடு வந்தது. கேட்பது கேட்பவர் சாமர்த்தியம், ஆனால் கொடுத்தவரிடம் போய் நீ இன்னதைக் கொடுத்தாய் என்று ஒருக்காலும் சொல்லக் கூடாது. இசக்கியிடம் சொல்லிப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. எதை இழந்தோம் என்று தெரியாமல், இழந்தது மட்டும் தெரிந்து, அவள் ஒரு வருஷம் அழுதாள், நாங்கள் செருப்பைப் பற்றிச் சொல்லச் சொல்ல அது யாரோ ஒருத்தியின் கதையாகத்தான் அவளுக்குப் பட்டது. அதற்கப்புறம் சாவுச் செய்தியைக்கூடச் சொல்லிவிடுவோம், இதைச் சொல்ல மாட்டோம்.

நான் வாங்கிக்கொண்டே இருந்தேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. எனக்குக் கேட்கத் தெரியும், எதிராளியின் கண்ணைப் பார்த்து, ஊம் கொட்டி, அப்புறம் என்று இழுக்கத் தெரியும். ஐந்தாறு வருஷத்தில் என்னிடம் நூற்றுக்கு மேல் படங்கள் சேர்ந்துவிட்டன, அதை வைத்தே நான் கல்யாணத் தரகும் ஆனேன். ஏனென்றால் அதற்குள் வெளியூர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குறிப்பாகச் சங்கரன்கோவில் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு. பன்னிரண்டு மணி நேரம் தறி ஓடுகிற இடத்தில் ரேடியோ கேட்காது, பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கேட்காது, தலைக்குள் ஓடுகிற படம் ஒன்று இருந்தால்தான் பொழுது போகும். அவர்கள் எங்கள் ஊரில் பெண் எடுக்கத் தொடங்கினார்கள். நகை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, பெண்ணின் தாய்க்கு ரொம்பப் பிடித்த படம் ஒன்று வேண்டும் என்றார்கள். கைமாறி வந்தது வேண்டாம், தானே பார்த்ததாக இருக்க வேண்டும், அதில்தான் நிறம் போகாமல் இருக்கும் என்றார்கள். பூ வைக்கிற அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு மாப்பிள்ளையின் தாய் கேட்பாள், பெண்ணின் தாய் சொல்லுவாள். சாட்சி இருந்தால் பின்னால் பேச்சு வரும் என்று கதவுக்கு இந்தப் பக்கம் யாரையும் நிற்கக்கூட விடமாட்டார்கள். நாங்களும் சரி என்றோம். பெண்ணைக் கட்டிக்கொடுப்பதற்கு எதைத்தான் நாங்கள் சரி என்று சொல்லவில்லை.

இப்போது சீனித்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சீனித்தாய் எனக்கு மதினி முறை, ஆபீஸில் எனக்கு வலப்பக்கம் உட்காருகிறவள். புருஷன் லாரியில் கிளீனராகப் போனவன், வடக்கே எங்கேயோ இறங்கிக்கொண்டான். வல்லி என்று ஒரு மகள். வல்லிக்கு முன்னால் மூத்தவள் ஒருத்தி இருந்தாள், ராசகனி. ஆபீஸ் வேன் விடியற்காலையில் தெருத்தெருவாக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம் அது, ராசகனி ஏழு வயதிலிருந்து பெட்டி அடைத்தாள். ஒன்பது வயதில், ஒரு கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாத மழை. வெயில் இல்லாவிட்டால் குச்சியில் மருந்து காயாது, ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய அன்றைக்குச் சீனித்தாய், வல்லியை ஏழு மாதமாக வயிற்றில் சுமந்துகொண்டு, ராசகனியைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்னி பார்க்கப் போனாள். நானும் போனேன்.

அந்தப் படத்தில் ஒரு போலீஸ்காரர் தொப்பியின் மேல் கோழி ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும். அவர் அப்படியே இன்ஸ்பெக்டருக்குச் சல்யூட் அடிப்பார். ராசகனி சிரித்தாள். கோழி போன பிறகும் சிரித்தாள், கதாநாயகனின் தாய் செத்துக் கிடக்கிற இடத்திலும் கோழியை நினைத்துக்கொண்டு சிரித்தாள். இதெல்லாம் சீனித்தாய் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்போது இந்தக் கேட்டு வாங்குகிற வழக்கம் வரவில்லை, சொன்னால் எதுவும் போகாது. நான் மூன்று ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை, கூரை ஒழுகி என் சேலை நனைந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. பிள்ளை சிரித்தாள் என்று தெரியும், எப்படிச் சிரித்தாள் என்று கேட்டால் தெரியாது. பக்கத்துப் பிள்ளை சிரிப்பதை யார் காதில் போட்டு வைத்துக்கொள்வார்கள்.

மாசி மாதம் பெட்டி அடைக்கிற கொட்டகையில் தீப்பிடித்தது. ஆறு பிள்ளைகள். ராசகனிக்குப் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை, அதனால் அங்கேயும் அவள் பெயர் இல்லை. எங்கள் கொட்டகையில் பிள்ளைகளே வேலை பார்க்கவில்லை என்று ஆபீஸ்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் மட்டும் ஒரு பெயர் இருந்தது, புதுக் கார்டு கொடுத்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். இந்த உலகத்தில் அந்தப் பிள்ளை மிச்சம் இருந்த ஒரே இடம் அந்தப் படம்தான், அது சீனித்தாயிடம் இருந்தது. தினமும் மூன்று மணி வாக்கில் அவள் கை நின்றுவிடும். தலையை வலப்பக்கம் லேசாகச் சாய்த்துக்கொள்வாள், ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ அப்படியே இருப்பாள், பிறகு குச்சியை எடுப்பாள். கை நின்றால் பெற்றவளைக்கூட ஏசுகிற மேஸ்திரி அந்த நேரத்தில் எங்கள் பக்கம் வரமாட்டார்.

கேட்டு வாங்குகிற வழக்கம் வந்த நாளிலிருந்து அவள் சினிமாப் பேச்சு நடக்கிற இடத்தில் நிற்கமாட்டாள். நான்கூடக் கேட்டதில்லை. நூறு படம் வாங்கிய நான் அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை என்பதை என் கணக்கில் ஒரு நல்ல காரியமாக நான் எண்ணி வைத்திருந்தேன்.

வல்லிக்கு இருபத்தேழு வயதாகிவிட்டது. வந்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. கடைசியில் சங்கரன்கோவிலிலிருந்து ஓர் இடம் நான்தான் கொண்டுவந்தேன். பையன் தறி ஓட்டுகிறான், குடிக்க மாட்டான், முகத்தைப் பார்த்துப் பேசுகிறான், வல்லிக்கும் பிடித்துவிட்டது. அவன் தாய் கோமதி நல்ல மனுஷி, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவளும் காலையிலிருந்து இருட்டுகிற வரை தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுகிறவள். மூத்த மருமகள்கள் இரண்டு பேரும் எங்கள் ஊர்தான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, சீனித்தாய்க்குப் பிடித்த படம்.

என்னிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள், அதைக் கொடுத்துவிடலாம் என்று சீனித்தாயிடம் சொல்லிப் பார்த்தேன். கைமாறியதைக் கண்டுபிடிக்கவா போகிறார்கள் என்றேன். அவள் கேட்டாள், நானும் சொன்னேன், நல்ல பாட்டுகள் உள்ள படம். அது அவளிடம் போய் ஒட்டவே இல்லை.

"எனக்கு ஒரு படந்தான் பிடிக்கும் மாடத்தி. மத்ததெல்லாம் பாக்கேன், முடியுது, அவ்வளவுதான்" என்றாள்.

வல்லி குறுக்கே வந்தாள். "அக்காவக் குடுத்துத்தான் எனக்கு ஒருத்தன் வரணும்னா, எனக்கு யாரும் வேண்டாம். நான் இப்படியே கட்டை அடுக்கிட்டுக் கெடக்கேன்."

அந்தப் பேச்சோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. இரண்டு நாள் கழித்து ஆபீஸில், சீனித்தாய் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து, அவள் காதில் சொன்னேன். "செத்த புள்ளைய வச்சிக்கிட்டு இருக்குத புள்ளையக் கொல்லப் போறியா மதினி? உனக்கப்புறம் அவளுக்கு யாரு? இந்தச் சிரிப்பா வந்து சோறு போடும்?" இதே வார்த்தைகளில்தான் சொன்னேன், ஒன்றையும் மாற்றவில்லை. நல்லதுக்குச் சொல்கிறேன் என்ற நினைப்பு வேறு. சீனித்தாய் என்னை ஏசவில்லை. கையிலிருந்த கட்டையை அடுக்கி முடித்துவிட்டு, "அவங்கள வரச் சொல்லு" என்றாள்.

பூ வைக்கிற அன்றைக்கு வெயில் நன்றாக அடித்தது. தாம்பாளம், வெற்றிலை, பழம், வந்தவர்களுக்குக் கேசரி எல்லாம் முறைப்படி நடந்தது. கோமதியும் சீனித்தாயும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வல்லி எழுந்து கதவைத் தட்டப் போனாள், நான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன், அவளுடைய கண்ணாடி வளையல் ஒன்று என் பிடியில் உடைந்தது. இருபத்தேழு வருஷத்துச் சிரிப்பைச் சொல்லி முடிக்கக் கேசரி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது, முதலில் சீனித்தாய் வந்தாள்.

"என்னளா எல்லாரும் என்னையவே பாக்கிய? காப்பி குடுத்தாச்சா?" என்றாள்.

அவள் பின்னால் கோமதி வந்தாள். வாசற்படியில் நின்று தலையை வலப்பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டாள், யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டே வந்து வல்லியின் தலையில் பூ வைத்தாள்.

மறுநாள் மூன்று மணிக்குச் சீனித்தாயின் கை நிற்கவில்லை. மற்ற முப்பத்தொன்பது பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ராசகனி என்று தனக்கு ஒரு மகள் இருந்தாள், தீயில் போய்விட்டாள் என்பது அவளுக்குத் தெரியும், அதெல்லாம் போகவில்லை. அந்த மழை நாள் மட்டும்தான் போயிற்று. ஒருமுறை அவளாகவே என்னிடம், "ராசகனி சத்தமே போடாத புள்ளைன்னுதான் எனக்கு ஞாவகம், இல்லையா மாடத்தி?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அன்றைக்கு ஆபீஸில் எல்லோரையும்விட அவள்தான் அதிகக் கட்டை அடுக்கினாள், மேஸ்திரி பாராட்டினார்.

வல்லி சங்கரன்கோவிலுக்குப் போனாள், நன்றாகத்தான் இருந்தாள். அடுத்த வருஷம் ஏழாம் மாதம் வளைகாப்பு. கோமதி மருமகளை அழைத்துக்கொண்டு, ஐந்து வகைச் சாதத்தோடும் ஒரு கூடை வளையலோடும் செவல்குளத்துக்கு வந்தாள். வந்த பெண்கள் எல்லாம் வளையல் போட்டுவிட்டுப் போன பிறகு, நானும் கோமதியும் வல்லியும் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்தோம். சீனித்தாய் பரிமாறினாள். கொடுத்தவர் முன்னால் அந்தப் படத்தின் பேச்சை எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு, கோமதிக்கு அது ஏன் தெரியப்போகிறது.

"சம்மந்தி, எங்கிட்ட ஒரு படம் கெடக்கு" என்று அவள் சாவகாசமாகத் தொடங்கினாள். "மூணு சம்மந்திமாருகிட்டயும் வாங்கினதுல எது எவ குடுத்ததுன்னு யாருக்குத் தெரியும்? ஒரு போலீஸ்காரன் தலையில கோழி ஏறிக்கிட்டு எறங்க மாட்டேங்கும். நல்ல படந்தான். ஆனா பக்கத்துல ஒரு புள்ள உக்காந்து சிரிச்சிக்கிட்டே கெடக்கு. தறி ஓடும்போது என் வீட்டு ஆளு காதுக்குள்ள வந்து கத்தினாலும் எனக்குக் கேக்காது. அந்தப் புள்ள சிரிக்கது மட்டும் கேக்கு. ஒரு வசனம் கேக்க உடுமா? சோகமான எடத்துலகூடச் சிரிக்கு."

வல்லியின் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் புரை ஏறியது. தண்ணீரைக் குடித்தேன், குடித்ததும் எனக்கு ஒரு வழி தோன்றியது. கோமதியிடமிருந்து நான் வாங்கிவிடலாம், வாங்கி அதை நெஞ்சோடு பிரியமாக வைத்துக்கொள்ளலாம், சாயங்காலமே சீனித்தாயை என்னிடம் கேட்க வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நூறு பேரிடம் வாங்கத் தெரிந்த எனக்கு இது ஒரு பெரிய காரியமா. கோமதியின் கண்ணைப் பார்த்தேன், குரலைத் தாழ்த்தினேன்.

"அந்தப் படத்துல உங்களுக்கு என்ன பிடிக்கும்க்கா? எதுக்குப் பிடிக்கும்?"

"பிடிக்க என்ன இருக்கு?"

"அந்தக் கோழி? கோழியாவது பிடிக்குமுல்லா?"

"கோழியப் பாக்க உட்டாத்தான."

"அந்தப் புள்ள சிரிக்கது... அதுல ஒரு இது இருக்கும்லாக்கா. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. எனக்காவ."

கோமதி எனக்காக யோசித்தாள், உண்மையாகவே கையை நிறுத்திக் கண்ணை மூடி யோசித்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள், அவள்மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் இல்லை. "இல்ல மாடத்தி. ஒண்ணும் பிடிக்கல. ஆனா இப்பக் கொஞ்ச நாளாச் சத்தம் கொறஞ்சிருக்கு. முன்ன மாதிரி இல்ல. இந்த மழை போனாப் போயிரும்னு நெனைக்கேன்" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "இன்னொண்ணு. சத்தம் போடாதன்னு அது தொடையில நறுக்குன்னு ஒரு கிள்ளு விழும். நாந்தான் கிள்ளுத மாதிரி என் கையில வருது. பெத்தவ எவளோ, அவ கையா இருக்கும். கிள்ளுனதுக்கப்புறமும் நிக்காது. ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு, பெத்தவளயே பாத்துக்கிட்டுச் சிரிக்கும்."

கிள்ளியதை இத்தனை வருஷத்தில் சீனித்தாய் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்பை மட்டும்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தாள். தினமும் மூன்று மணிக்குக் கை நின்றபோது அவளுக்கு எதுவெல்லாம் வந்து போயிற்று என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, ஆனால் அவளிடமே அது இப்போது இல்லை. வல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கை கழுவாமலே புழக்கடைக்குப் போனாள்.

சீனித்தாய் புளியோதரைச் சட்டியோடு என் இலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கோமதி சொன்னதை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தாள். அவள் முகத்தில் நிஜமான கோபம் இருந்தது.

"சிரிக்குத புள்ளையப் போயிக் கிள்ளுவாளா ஒருத்தி?" என்றாள். "அவளுக்கெல்லாம் எதுக்குப் புள்ள?"

சொல்லிவிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன்.